ஏ.ஸி. மாட்டும்போது அந்த ரெண்டு செம்புக் குழாயைக் கவனிச்சீங்களா?

பங்குனி முடிவதற்குள்ளேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. 'இந்த வருஷம் எப்படியாவது ஒரு ஏ.ஸி. வாங்கிடணும்' என்று வீட்டுக்கு வீடு பட்ஜெட் போட்டு, கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு டன்னா, ஒன்றரை டன்னா, எத்தனை ஸ்டார், மாதத் தவணை எவ்வளவு என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்டு வாங்கி விடுகிறோம். மறுநாள் மெக்கானிக் ஒரு உதவியாளரோடு வந்து நிற்கிறார். "ஒரு மணி நேரத்துல மாட்டிடலாம் ஸார்" என்கிறார். நாமும் அவர்களுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அங்கேதான் தப்பு நடக்கிறது!

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஏ.ஸி. பத்து வருஷம் உழைக்குமா, இல்லை வருஷா வருஷம் "கேஸ் போயிடுச்சு" என்று உயிரை வாங்குமா என்பது முடிவாகிறது. காசு மட்டுமா? வீட்டில் உள்ளவர்களின் ஆரோக்கியமும், பால்கனிக்கு வெளியே தொங்கிக்கொண்டு வேலை பார்க்கும் அந்தத் தம்பியின் உயிரும்கூட இதில் இருக்கிறது.

பாதி தொழிற்சாலையில்... பாதி நம் வீட்டில்!

ஃபிரிட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலில் மாட்டும் பழைய மாடல் ஏ.ஸி.யை எடுத்துக்கொள்ளுங்கள். கேஸை அடைத்து, குழாய்களை எல்லாம் பற்ற வைத்து, சோதித்து, சீல் போட்டுத்தான் தொழிற்சாலையிலிருந்து அனுப்புவார்கள். நாம் பிளக்கைச் சொருக வேண்டியதுதான்.

ஸ்பிளிட் ஏ.ஸி. அப்படியில்லை. உள்ளே ஒரு யூனிட், வெளியே ஒரு யூனிட் என்று இரண்டு துண்டாக வருகிறது. இரண்டையும் இணைப்பது ஒரு மெல்லிய செம்புக் குழாயும் ஒரு தடித்த செம்புக் குழாயும். ஒன்றரை டன் ஏ.ஸி. என்றால் பெரும்பாலும் கால் அங்குலத்தில் ஒன்று, அரை அங்குலத்தில் ஒன்று. உள் யூனிட்டில் இரண்டு, வெளி யூனிட்டில் இரண்டு என்று மொத்தம் நாலு இணைப்புகள். இந்த நாலையும் போடுவது கம்பெனி எஞ்சினீயர் இல்லை. நம் வீட்டுக்கு வந்திருக்கும் மெக்கானிக்தான். அதாவது, மெஷினின் மீதிப் பாதியைத் தயாரிக்கும் 'தொழிற்சாலை' நம் வீட்டு பால்கனிதான்!

குழாய்க்குள் ஓடுவது என்ன?

ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் ஸ்பிரிட் தடவுவாரே, அந்த இடம் 'ஜில்'லென்று ஆகிறதல்லவா? ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஏ.ஸி.யிலும் இதே கதைதான். திரவமாக உள்ளே வரும் கேஸ், அறையின் சூட்டை எடுத்துக்கொண்டு ஆவியாகித் தடித்த குழாய் வழியாக வெளியே போகிறது. வெளியே கம்ப்ரஸர் அதை அமுக்கி, சூட்டைத் தெருவில் விட்டுவிட்டு, மறுபடி திரவமாக்கி அனுப்புகிறது. இது ஒரு சுற்று. பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் சமாசாரமே இல்லை.

அந்தக் காலத்து ஏ.ஸி.களில் ஆர்-22 என்ற கேஸ் இருந்தது. ஓஸோன் படலத்தைக் கெடுக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. அதன்படி இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் புதிய ஏ.ஸி.களை ஆர்-22 கொண்டு தயாரிக்க அனுமதி இல்லை. அதற்கு அடுத்து வந்த ஆர்-410ஏ ஓஸோனைக் கெடுக்காது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன்-டை-ஆக்ஸைடைப் போல 2088 மடங்கு பொல்லாதது. இன்று பெரும்பாலான வீட்டு ஏ.ஸி.களில் வரும் ஆர்-32-ல் அது 675 மடங்கு. ஆர்-290 என்பது புரொப்பேன். நம் சமையல் கேஸின் சொந்தக்காரன். பூமிக்கு ரொம்ப நல்லது. ஆனால் நெருப்பென்றால் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

ஆர்-32-ம் லேசாக எரியக்கூடியதுதான். சமையல் கேஸ் அளவுக்கு இல்லை. அதற்காக பயந்து ஏ.ஸி.யே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால், ஆர்-22 காலத்துப் பழக்கங்களோடு இதைக் கையாள முடியாது. குழாய்க்குள் இதன் அழுத்தமும் ஆர்-22-ஐப்போல சுமார் ஒன்றரை மடங்கு. அதனால்தான் இணைப்பில் இத்தனை கவனம்!

உங்கள் ஏ.ஸி.யில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். மாட்டுவதற்கு முன்னாலேயே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஆயிரம் விஷயத்துக்கு உதவும்.

கூடவே நின்று பார்க்க வேண்டியவை

மெக்கானிக்குக்குப் பாடம் நடத்துங்கள் என்று சொல்லவில்லை. நல்ல மெக்கானிக் இதையெல்லாம் தானாகவே செய்வார். அவசரத்தில் எது விட்டுப்போகிறது என்று தெரிந்தால் நீங்கள் அன்பாகக் கேட்கலாம். அவ்வளவுதான்.

வெட்டுவது: செம்புக் குழாயை அதற்கென்று இருக்கும் கட்டரால் வெட்ட வேண்டும். ஆக்ஸா பிளேடால் அறுத்தால் செம்புத் தூள் உள்ளே போய், கடைசியில் கம்ப்ரஸரில் போய் உட்காரும். வெட்டிய பின் ஓரத்துப் பிசிறை வழிக்கும்போது குழாயின் வாயைக் கீழ்நோக்கிப் பிடிக்க வேண்டும். வேலை முடிகிற வரைக்கும் குழாய் வாய் மூடியே இருக்க வேண்டும். சுவரின் ஓட்டை வழியாகத் திறந்த வாயோடு நுழைத்தால் சிமென்ட் தூளும் சேர்ந்தே போகும்!

வளைப்பது: முழங்காலில் வைத்து வெடுக்கென்று மடக்கினால் குழாய் நசுங்கும். நசுங்கிய இடத்தில் கேஸ் ஓட்டம் தடைப்படும். பெரிய வளைவாக, நிதானமாக வளைக்க வேண்டும்.

'ஃப்ளேர்' எடுப்பது: இதுதான் முக்கியமான கட்டம். முதலில் நட்டைக் குழாயில் மாட்டிவிட்டு, குழாயின் நுனியைக் கருவியால் புனல் மாதிரி விரிப்பார்கள். அந்தப் புனல் வழவழவென்று, கீறலோ விரிசலோ இல்லாமல், சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் வெட்டிப்போட்டுவிட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு அங்குலக் குழாய் போனால் போகிறது.

முடுக்குவது: நட்டை முதலில் கையால் சுழற்றி மாட்ட வேண்டும். பிறகு இரண்டு ஸ்பேனர். ஒன்று பிடித்துக்கொள்ள, ஒன்று முடுக்க. ஒரே ஸ்பேனரால் முறுக்கினால் குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். லூஸாக இருந்தால் கசியும். 'நல்லா டைட்டா இருக்கட்டும்' என்று பலத்தையெல்லாம் காட்டினால் புனல் விரிந்து, வெடித்து, அப்போதும் கசியும். அளவோடு முடுக்குவதற்கென்றே டார்க் ரென்ச் என்ற கருவி இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப், எம்-ஸீல் எதுவும் இங்கே வேண்டாம். செம்பும் பித்தளையும் ஒன்றோடொன்று அழுந்தி உட்காருவதுதான் இங்கே சீல்.

கசிவுச் சோதனை: குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை அடைத்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். நைட்ரஜன் சிலிண்டர் இல்லையென்று ஆக்ஸிஜன் சிலிண்டரைக் கொண்டுவந்தால் உடனே தடுத்துவிடுங்கள். அழுத்தமான ஆக்ஸிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடித்துவிடும். இது விளையாட்டில்லை!

வாக்குவம் பம்ப்... மறக்கவே கூடாதது!

நாலு இணைப்பும் போட்டாயிற்று. இப்போது குழாய்க்குள் இருப்பது என்ன? சாதாரணக் காற்று, காற்றோடு கொஞ்சம் ஈரம். இவை இரண்டுமே ஏ.ஸி.க்கு விரோதிகள். காற்று உள்ளே இருந்தால் அழுத்தம் ஏறி, கரண்ட் பில் ஏறி, குளிர்ச்சி குறையும். ஈரம் இருந்தால் குறுகலான இடத்தில் ஐஸாக உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, கம்ப்ரஸரின் உள்ளே இருக்கும் சுருளை அரிக்கும். 'மூணே வருஷத்துல கம்ப்ரஸர் போயிடுச்சு' என்கிற பல கதைகளின் தொடக்கம் இங்கேதான்.

இந்த ஈரத்தை எப்படி எடுப்பது? சமையலறையில் நாம் பார்க்கிற விஷயம்தான். பிரஷர் குக்கரில் அழுத்தம் அதிகம். அதனால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கிறது. ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு. அங்கே 100-க்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேக அவ்வளவு நேரமாகிறது. அழுத்தத்தை இன்னும் இன்னும் குறைத்துக்கொண்டே போனால்? நம் வீட்டுச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும்! வாக்குவம் பம்ப் செய்வது இதைத்தான். உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஈரத்தையும் ஆவியாக்கி வெளியே இழுத்துவிடுகிறது.

குறைந்தபட்சம் 15, 20 நிமிஷமாவது பம்ப் ஓட வேண்டும். குழாய் நீளமென்றால் இன்னும் அதிகம். பிறகு பம்பை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் காத்திருந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் இணைப்பு சரி. மேலே ஏறினால் எங்கோ கசிகிறது, அல்லது ஈரம் பாக்கி இருக்கிறது.

சிலர் பம்ப் கொண்டுவரவே மாட்டார்கள். "கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டா காத்தெல்லாம் வெளிய போயிடும் மேடம், நாங்க எப்பவும் இப்படித்தான் பண்றோம்" என்பார்கள். காற்று ஓரளவுக்குப் போகும், ஈரம் போகாது. எரியக்கூடிய கேஸை வீட்டுக்குள் திறந்துவிடுவதும் ஆபத்து. ஆகவே மெக்கானிக்கை வரச்சொல்லி போன் பண்ணும்போதே, "தம்பி, வாக்குவம் பம்ப் எடுத்துட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள். வந்த பிறகு கேட்டால், "அடுத்த தடவை பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

இது முடிந்தபின்தான் வெளி யூனிட்டில் இருக்கும் இரண்டு வால்வுகளையும் அலன் கீயால் முழுசாகத் திறந்து கேஸை ஓடவிட வேண்டும். மறுபடி ஒருமுறை நாலு இணைப்பிலும் சோப்பு நுரை. வால்வுகளின் மூடியை நன்றாக முடுக்கியாயிற்றா என்றும் பாருங்கள்.

சுவரில் ஈரம்... நெஞ்சில் இழுப்பு!

இரண்டு குழாயுமே குளிர்ந்துதான் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனியாகக் கறுப்பு நுரை உறை போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே உறைக்குள் திணிப்பது தப்பு. இணைப்பு நட்டுகளின் மேலும் உறை வர வேண்டும். விட்டுப்போன இடத்தில் ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் போல முத்து முத்தாக வேர்த்துச் சுவரில் இறங்கும். தண்ணீர் போகும் டியூபும் நெடுக வெளிப்பக்கம் சரிவாக இருக்க வேண்டும்.

இதை ஏன் ஆரோக்கியப் பத்திரிகையில் எழுதுகிறோம் என்று கேட்கிறீர்களா? சுவரில் ஈரம் தங்கினால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். மூடிய அறையில் அந்தப் பூஞ்சைத் துகள்களை இரவெல்லாம் சுவாசித்தால் ஆஸ்துமா, அலர்ஜி இருப்பவர்களுக்குத் தும்மல், இருமல், இழுப்பு என்று தொந்தரவு கூடும். 'ஏ.ஸி. ஒத்துக்கலை' என்று நாம் சொல்வதில் சில சமயம் குற்றவாளி குளிர்ச்சி இல்லை, சுவரின் ஈரம்தான்!

கேஸ் கசிந்தால் என்ன ஆகும்?

ஒரு நட்டிலிருந்து மாதக்கணக்கில் துளித்துளியாகக் கசிவது பெரும்பாலும் உடம்பைப் பாதிக்கும் அளவுக்குச் சேராது. ஏ.ஸி. குளிர்ச்சி குறைவதுதான் அதன் அறிகுறி. ஆபத்து எப்போதென்றால், சின்ன அறை, கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கிறது, மொத்த கேஸும் ஒரேயடியாக வெளியேறுகிறது என்றால்தான். இந்த வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. தரையோடு தரையாகத் தங்கி, அங்கிருக்கும் காற்றை மேலே தள்ளும். பாய் போட்டுத் தூங்குபவர்களுக்கும் தவழும் குழந்தைகளுக்கும்தான் முதலில் கஷ்டம். தலைசுற்றல், தலைவலி, மயக்கம், படபடப்பு வரலாம். நிறைய சுவாசித்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். சமையல் கேஸில் சேர்ப்பது மாதிரியான நாற்றம் இவற்றில் சேர்ப்பதில்லை. ஆர்-22, ஆர்-32 போன்ற கேஸ்கள் நெருப்பில் பட்டால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் நச்சுப் புகை வரும். ஆகவே ஏ.ஸி. வேலை நடக்கும்போது பக்கத்தில் அடுப்பு, விளக்கு, ஊதுவத்தி, கொசுவத்தி, சிகரெட் எதுவும் வேண்டாம். கதவு ஜன்னல்களைத் திறந்து, ஃபேனை முன்னாலேயே போட்டுவிடுங்கள். குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

அவசரத்துக்கு முதலுதவி

* பீய்ச்சி அடிக்கும் கேஸ் கையில் பட்டால் தோல் உறைந்து வெளுத்துவிடும். ஆர்-32 மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே கொதிக்கும் பொருள். தேய்க்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்திருங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். டூத் பேஸ்ட், மஞ்சள், இங்க் எதையும் பூசாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.

* கண்ணில் பட்டால், கசக்காமல் சுத்தமான தண்ணீரால் 15 நிமிஷம் விடாமல் கழுவிவிட்டு, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

* அறையில் இருப்பவருக்கு மயக்கம் வந்தால், அவரைத் திறந்த வெளிக்குக் கொண்டு வாருங்கள். உள்ளே நிறைய கேஸ் இருக்கும்போது ஸ்விட்சுகளைத் தொடாதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள். எந்த கேஸ் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எந்த மருந்து கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.

அந்தத் தம்பிக்கும் ஒரு குடும்பம் இருக்கு!

மூன்றாவது மாடியில், ஜன்னல் சிலாப்பின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு 30, 40 கிலோ வெளி யூனிட்டைத் தூக்கி வைக்கிறார்கள். பல சமயம் இடுப்பில் ஒரு பெல்ட்கூட இருப்பதில்லை. 'பழக்கமாயிடுச்சு ஸார்' என்று சிரிப்பார்கள். பழக்கம் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளாது. பெல்ட்டும் கயிறும் கட்டினால்தான் வேலை என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முடிந்தவரை வெளி யூனிட்டைக் கை எட்டுகிற பால்கனியிலோ மொட்டைமாடியிலோ வைக்கச் சொல்லுங்கள். இன்று மாட்டுவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் யாரோ ஒருவர் அங்கே ஏறியாக வேண்டும்.

வீடு மாறும்போது இன்னொரு ஆபத்து இருக்கிறது. குழாயைக் கழற்றும் முன் கேஸை வெளி யூனிட்டுக்குள் சேர்த்துப் பூட்டுவதற்கு 'பம்ப் டவுன்' என்று பெயர். மெல்லிய குழாயின் வால்வை மூடி, ஏ.ஸி.யை ஓடவிட்டு, கேஸ் முழுக்க வெளி யூனிட்டுக்குப் போனதும் தடித்த குழாயின் வால்வையும் மூடி, உடனே நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் நட்டில் கை வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாயைக் கழற்றினால் கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து அமுங்கிச் சூடேறி, கம்ப்ரஸரே குண்டு மாதிரி வெடிக்கலாம். 'ரெண்டாயிரம் ரூபா மிச்சம்' என்று வீட்டு ஆண்களே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கிளம்பும் வேலை இல்லை இது.

நீங்கள் கேட்கும் சந்தேகங்கள்

வருஷா வருஷம் கேஸ் போடணுமாமே?
வேண்டாம். கேஸ் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போடுவது, ஒழுகுகிற குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. போடும்போதும் தராசில் எடை பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்குத்தான் போட வேண்டும்.

பழைய ஆர்-22 ஏ.ஸி.யில் வேறு கேஸ் போடலாமா?
கூடாது. ஒவ்வொரு கேஸுக்கும் அழுத்தமும் எண்ணெயும் வேறு வேறு. எரியும் கேஸை அதற்கென்று தயாரிக்கப்படாத மெஷினில் அடைப்பது வெடிகுண்டுக்குத் திரி வைப்பதற்குச் சமம்.

பழைய ஏ.ஸி.யின் குழாய் சுவரிலேயே இருக்கு. அதையே புதுசுக்கு வெச்சுக்கலாமா?
உள்ளே பழைய எண்ணெயும் அழுக்கும் இருக்கும். குழாயின் கனமும் புது கேஸின் அழுத்தத்துக்குப் போதாமல் இருக்கலாம். புதுக் குழாய் போடுவதே நல்லது.

கூட வந்த குழாய் போதலை என்கிறாரே?
பெரும்பாலான கம்பெனிகள் சுமார் மூன்று மீட்டர்தான் கொடுக்கின்றன. நீளத்தைக் கூட்டினால், கம்பெனி கையேட்டில் சொல்லியிருக்கும் கணக்குப்படி மீட்டருக்கு இத்தனை கிராம் என்று கேஸும் கூட்ட வேண்டியிருக்கலாம். யூனிட் வைக்கும் இடத்தை முன்கூட்டியே யோசித்து முடிவு செய்தால் இந்தச் செலவே இல்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. 2020 ஜனவரி முதல் இந்தியாவில் ஸ்டார் முத்திரையோடு வரும் ஏ.ஸி.கள், ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. அதை 18-க்கு இறக்காமல் அங்கேயே விட்டு, ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். உடம்புக்கும் நல்லது, பில்லுக்கும் நல்லது. மாட்ட வருபவர் இரண்டரை மணி நேரம் எடுத்துக்கொண்டால் முகம் சுளிக்காதீர்கள். இன்னொரு காபி போட்டுக் கொடுங்கள். நிதானமாக வேலை செய்பவர்தான் உங்கள் வீட்டுக்கு வேண்டிய மெக்கானிக்!